தங்கச்சிமடத்தில் ஒரு சிவப்பு லேபிள் யமஹா எஃப்ஜி-150 கிட்டார்: பிளைவுட் என்று தள்ளிவிடலாமா?

மடத்துக்கரை

வணக்கம். ஊர் தங்கச்சிமடம். போன தை மாதம் பெரியப்பா தவறிவிட்டார். வீட்டை ஒதுங்கவைத்தபோது பரணிலிருந்து பழைய போர்வை சுற்றிய ஒரு கிட்டார் இறங்கியது. இளவயதில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில் வாங்கியது என்று பெரியம்மா சொல்கிறார். எண்பதுகளில் கோயில் பாடகர் குழுவில் இதைத்தான் வாசித்தாராம். எனக்கு விவரம் தெரிவதற்குள் கை நடுக்கம் வந்து நிறுத்திவிட்டார். ஆக இதன் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

விவரம் சொல்கிறேன். தலையில் யமஹா என்ற எழுத்து, மூன்று சுருதிக்கவைகளைக் குறுக்கே வைத்த முத்திரை. ஓட்டைக்குள் சிவப்பு லேபிள்: எஃப்ஜி-150, நிப்பான் கக்கி. கழுத்து வந்து சேரும் உள்கட்டையில் 44.10.7 என்று குத்தியிருக்கிறது. இப்போது கடைகளில் தொங்கும் கிட்டார்களைவிட உடம்பு சிறிசு. கம்பிகளை உடம்போடு பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையின் பின்விளிம்பு தூக்கியிருக்கிறது, நகம் நுழைகிறது. ஆறாவது கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 3.8 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தோள்வார் கிடையாது. நைலான் வலைக்கயிறு கட்டியிருக்கிறது!

வெளியூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். ஓட்டை விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிளைவுட் தம்பி. யமஹான்னு மேல இருக்கு, உள்ள வேற கம்பெனி பேரு. டூப்ளிகேட். ஆயிரத்து ஐந்நூறு தரேன், வெச்சுட்டுப் போ” என்றார். மனசு வராமல் திரும்பிவிட்டேன். இது என்ன கிட்டார்? செலவு செய்யலாமா?

ஆறாங்கம்பி (மதுரை)

தம்பி, நல்லவேளை வைத்துவிட்டு வரவில்லை.

டூப்ளிகேட் எல்லாம் இல்லை. யமஹா கம்பெனியின் பெயரே 1987 வரை நிப்பான் கக்கிதான். கக்கி என்றால் ஜப்பான் மொழியில் வாத்தியம். தொராகுசு யமஹா என்பவர் 1887இல் ஹமமாட்சு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கனைப் பழுது பார்த்தார், அதிலிருந்து வளர்ந்த தொழில். உள்ளே அந்தப் பழைய பெயர் இருப்பதால்தான் இது பழசு என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

1966இல் அவர்கள் முதன்முதலாக இரண்டு ஃபோக் கிட்டார்களை விட்டார்கள்: எஃப்ஜி-180, எஃப்ஜி-150. எஃப்ஜி என்பதே ஃபோக் கிட்டார் என்பதன் சுருக்கம். எண்ணில் விலை ஒளிந்திருக்கிறது. 180க்கு 18,000 யென், 150க்கு 15,000 யென். இந்தக் காலத்து மாடல் எண்களைப் பார்த்தால் இப்படி ஏதாவது புரிகிறதா?

சிவப்பு லேபிள் பேச்சை யார் எடுத்தாலும் 180இலேயே நின்றுவிடுவார்கள். உடம்பு பெரிசு, அடிச்சத்தம் கனமாக வரும். 150 தம்பி மாதிரி, ஓரமாக நிற்கும். நான் ஒரே ஒருமுறை வாசித்திருக்கிறேன். அடிக்கம்பிகள் வயிற்றில் வந்து மோதாது. ஆனால் நடு ஸ்தாயி முழுக்கத் தெளிவு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். மீட்டியதும் சட்டென்று எழும், சீக்கிரம் அடங்கும். பாடுகிறவருக்குப் பின்னால் வாசிக்க அதுபோல ஒத்துப்போகிற கிட்டார் குறைவு. உங்கள் பெரியப்பா பாடகர் குழுவுக்கு இதை வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

கெட்டிமரம்

கடைக்காரர் டூப்ளிகேட் என்றது தப்பு. பிளைவுட் என்றது சரிதானே? அதையும் சொல்லுங்கள் அண்ணே.

மடத்துக்கரை, நீங்களே பார்க்கலாம். டார்ச் அடித்து ஓட்டையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேற்பலகையில் தெரியும் ரேகை அப்படியே விளிம்பில் இறங்கி அடிப்பக்கம் வரை போனால் முழு மரம். நடுவில் வேறு நிறத்தில் ஓர் அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. உங்களுடையதில் அடுக்குதான் தெரியும். அந்தக் காலத்து சிவப்பு லேபிளில் மேலே ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் மஹோகனி, ஆனால் எல்லாமே ஒட்டுப்பலகை.

முழு ஸ்ப்ரூஸ் பலகை வாசிக்க வாசிக்கப் பழுக்கும். ஒட்டுப்பலகை அந்த அளவுக்கு இளகாது, குறுக்கே ஒட்டிய அடுக்கு இறுக்கிப் பிடித்திருக்கும். ஐம்பது வருடம் என்ற மரியாதையில் காது ஏமாறக்கூடாது. யமஹாவே 2019இல் ‘சிவப்பு லேபிள்’ என்று பெயர் வைத்துப் புதிதாக விட்டபோது எதில் செய்தார்கள்? முழு மரத்தில். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

தொண்டிக்காற்று

44.10.7 என்றால் 1944 அக்டோபர் 7தானே? உலகப் போர் நடந்தபோது ஜப்பான்காரன் கிட்டார் செய்துகொண்டிருந்தானா?

ஆறாங்கம்பி (மதுரை)

எஃப்ஜி தொடங்கியதே 1966 என்று மேலேதானே எழுதினேன். படிக்காமலே பதில் போடுகிறீர்கள்.

கீழக்கரைக் காக்கா

தொண்டித் தம்பியைத் திட்டாதீர்கள், நானும் ஒருகாலத்தில் இப்படி ஏமாந்தவன்தான். ஜப்பானிலிருந்து பழைய எஞ்சின் இறக்கி விற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் தாளில் வருஷம் இப்படித்தான் இருக்கும். ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்திலிருந்து எண்ணுவார்கள். அந்த ராஜா காலத்துக்கு ஷோவா என்று பெயர், 1926 முதல் வருஷம். ஆக வருகிற எண்ணோடு 1925ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியது. 44 என்றால் 1969.

1969 அக்டோபர் 7. உங்கள் பெரியப்பா எந்த வருஷம் கப்பலில் இருந்தார் என்று பெரியம்மாவிடம் கேளுங்கள், பொருந்தும்.

மடத்துக்கரை

காக்கா, கேட்டேன். “புயலுக்கு அப்புறம்தான் கப்பலுக்குப் போனார், உங்க அண்ணன் பிறந்தப்போ கிட்டாரோட வந்தார்” என்றார். எங்கள் பக்கம் புயல் என்றால் 1964 டிசம்பர், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல்தான். வேறு எதையும் பெயர் சொல்லாமல் ‘புயல்’ என்று சொல்ல மாட்டார்கள். அண்ணன் பிறந்தது 1971. பொருந்துகிறது.

கெட்டிமரம், நீங்கள் சொன்னபடி பார்த்தேன். நடுவில் கறுத்த ஒரு கோடு ஓடுகிறது. பிளைவுட்தான். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மண்டபம் தச்சன்

கிட்டார் எனக்குத் தெரியாது. மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். பிளைவுட் என்று எல்லோரும் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. இருபத்தைந்து வருஷமாகப் பிளைவுட் வள்ளம் கட்டுகிறேன்.

மரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டினால், மேல் அடுக்கு விரியப் பார்க்கிற திசையில் கீழ் அடுக்கு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் பிளைவுட்டின் சூட்சுமம். மழையில் ஊதாது, வெயிலில் வெடிக்காது. அதற்கு எதிரி ஒன்றுதான். விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுக்கு பிரியும். அதனால்தான் வள்ளத்தில் விளிம்பை அடைத்துவிட்டு மேலே ஃபைபர் போடுகிறோம்.

பரணில் ஓட்டுச்சூடு, ஐப்பசி கார்த்திகையில் ஈரம், வருஷம் முழுக்க உப்புக்காற்று. இத்தனை மெல்லிசான முழுப்பலகை அங்கே நாற்பது வருஷம் கிடந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கிட்டார் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கீழக்கரைக் காக்கா

நான் சொல்கிறேன். என்னிடம் முழு மரத்தில் செய்த கிட்டார் ஒன்று இருந்தது, நல்ல விலை. கிட்டார் செய்கிறவர்கள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பார்கள். கீழக்கரையில் அந்த எண்ணை எந்த மாதம் பார்ப்பது? வீட்டில் ஈரம் குடித்து மேற்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை போட்டது, கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரமான ஆக்‌ஷன் ஏறியது. மகன் சென்னைக்குக் கொண்டுபோய் இரவும் பகலும் ஏசி ஓடுகிற அறையில் வைத்தான். குடித்த ஈரம் அவ்வளவும் ஒரே மாதத்தில் வற்றி, பிரிட்ஜிலிருந்து கீழ்விளிம்பு வரை நேர்கோடாக ஒரு விரிசல். சரிசெய்ய ஆன கூலியைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

கெட்டிமரம்

காக்கா, அது வைத்துக்கொண்ட முறையில் வந்த கோளாறு. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு மூடி வைத்திருந்தால் வந்திருக்காது. நான் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் ஆயுளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

கீழக்கரைக் காக்கா

ஆயுள் போன கிட்டாரில் சத்தம் எங்கிருந்து வரும், தம்பி?

பாடகர் குழு பழைய ஆள் (பாம்பன்)

பேச்சு வேறு பக்கம் போகிறது. நான் இந்த கிட்டாரைக் கேட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் வருவார். வலைக்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். எங்களுக்கு அது பெரிய சிரிப்பு.

அவர் வாசிப்பில் ஒரு இலங்கைச் சாயல் இருக்கும். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்து ஆள்கள் இங்கே பலர் அக்கரையில் பைலா என்ற ஆட்டப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். அந்த 6/8 தாள நடையில் வலக்கையால் வெட்டி வெட்டி வாசிக்க வேண்டும். கம்பி நீளமாக ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தால் நடை குழம்பிவிடும். இவர் கிட்டாரில் ஒவ்வொரு வெட்டும் டக்கென்று விழுந்து, டக்கென்று நிற்கும். ஆர்மோனியமும் டிரம்மும் இருபது குரலும் ஒன்றாகப் போகும்போதுகூட அந்தக் கிட்டார் கேட்கும். மைக் எல்லாம் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் அப்போது.

ஆறாங்கம்பி சொன்ன ‘சீக்கிரம் அடங்கும்’ என்பதைப் படித்ததும் அந்தச் சத்தம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஆறாங்கம்பி (மதுரை)

அண்ணே, இதைத்தான் என்னால் சரியாகச் சொல்ல முடியாமல் இருந்தது. கெட்டிமரம் சொல்வதில் உண்மை உண்டு: தனியாக உட்கார்ந்து விரலால் மீட்டினால் நல்ல முழு மரக் கிட்டாரில் வருகிற ஆழமும் நீளமும் இதில் வராது. அதைக் குறை என்று நானும் சொல்வேன். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்தக் குறையே கைகொடுக்கும்.

வலைக்கயிறு பற்றி ஒன்று. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசைவிழா நடந்ததே, அதில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக மேடையேறி வாசித்தது எந்தக் கிட்டார் தெரியுமா? யமஹா எஃப்ஜி-150. இரவல் கிட்டார், தோள்வார் இல்லை, கயிறு கட்டிக் கொடுத்தார்கள். அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகாமல் உங்களுடையது ஹமமாட்சுவில் முத்திரை வாங்கியிருக்கிறது. அந்தக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிடாதீர்கள் தம்பி.

மடத்துக்கரை

பாம்பன் அண்ணே, அது பெரியப்பாதான். பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். “சிரிச்சாங்களா? யாரு அது, பேரைக் கேளு” என்றார். நான் கேட்கவில்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். பிரிட்ஜும் ஆக்‌ஷனும் என்ன செய்வது?

ஆறாங்கம்பி (மதுரை)

முதலில் இன்றைக்கே கம்பிகளைத் தளர்த்துங்கள். 12 என்ற தடிமன் அளவுக் கம்பி செட் ஒன்று சுருதிக்கு நின்றால் எல்லாம் சேர்த்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கிறது. தூக்கிய பிரிட்ஜின் மேல் அந்த இழுவை இருக்கக்கூடாது.

அப்புறம் கழுத்து. நீளமான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போனால் கழுத்து சரியான கோணத்தில் இருக்கிறது. பிரிட்ஜின் நெற்றியில் இடித்தால் ஐம்பது வருட இழுவையில் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது. எந்த அளவுக்குக் கீழே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சாய்ந்திருந்தால் முறையான வைத்தியம், மூட்டுக்குள் நீராவி விட்டுக் கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி மறுபடி ஒட்டுவது. மார்ட்டின் மாதிரி பழைய அமெரிக்கக் கிட்டார்களில் விலங்குப் பசை, ஆவிக்கு இளகிவிடும். சிவப்பு லேபிளில் போட்ட பசை லேசில் இளகாது. அதனாலேயே ரிப்பேர் செய்கிறவர்கள் பலர் இதைத் தொட யோசிப்பார்கள். கழுத்தை அறுத்தெடுத்துப் போல்ட் போடுகிறவர்களும் உண்டு. அதற்கு ஆகும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும்.

அதனால் சுலபமான வழியைப் பாருங்கள். சேடில், அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டை, எவ்வளவு வெளியே தெரிகிறது?

மடத்துக்கரை

ஸ்கேல் இடிக்கிறது, பிரிட்ஜ் மேல்விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே. சேடில் நான்கு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது.

ஆறாங்கம்பி (மதுரை)

பிழைத்தீர்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தேய்ப்பது அடிப்பக்கத்தை மட்டும். சமமான கண்ணாடிமேல் உப்புத்தாளை வைத்து, நேராகப் பிடித்துத் தேய்க்கவும். 3.8 என்பது 2.8 ஆகும், மிச்சம் இரண்டு மில்லிமீட்டர் சேடில் நிற்கும். அதற்குமேல் இறக்கினால் கம்பி சேடிலை அழுத்துகிற கோணம் குறைந்து சத்தம் சப்பென்று ஆகிவிடும்.

பிரிட்ஜை அங்கேயே யாராவது பொறுமைசாலி ஒட்டித்தர முடியும் என்றால் ஒட்டலாம். எபாக்ஸி வேண்டவே வேண்டாம். ஃபெவிக்விக் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

மண்டபம் தச்சன்

பாலம் தாண்டி எடுத்து வா தம்பி. மீன்பிடித் தடைக்காலம்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வள்ளத்தைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற வேலை மட்டும். கிளாம்ப் என்னிடம் அளவு அளவாக இருக்கிறது. அந்த மதுரைக்காரரை போனில் வைத்துக்கொண்டு செய்வோம்.

தொண்டிக்காற்று

தடைக்காலத்தில் படகுக்கு பதில் கிட்டார் கரையேறுகிறது.

கெட்டிமரம்

தச்சன் ஐயா, ஒரே ஒரு விஷயம். பிரிட்ஜைக் கத்தியால் நெம்பும்போது கவனம், மேல் அடுக்கு ஸ்ப்ரூஸ் தாள் மாதிரி மெல்லிசு. உரிந்து வந்தால் திரும்ப ஒட்டாது. முழு மரமாக இருந்தால் கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது. பிரிட்ஜை முழுக்க எடுக்காமல், தூக்கிய இடத்தில் மட்டும் பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஒட்டப் பாருங்கள். உள்ளே கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரே இரும்பு படக்கூடாது.

ஆறாங்கம்பி (மதுரை)

பிளைவுட் எதிரி பிளைவுட்டுக்கு வைத்தியம் சொல்கிறார். ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மடத்துக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போர்வை சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் மண்டபம் போனேன். பாலத்தின் மேல் கச்சான் காற்று சன்னல் வழியாகத் தூக்கியது. தச்சன் ஐயா கிட்டாரைக் கையில் வாங்கி முதலில் செய்தது, முகர்ந்து பார்த்தது. ஒரு சிகரெட் அட்டையை இடைவெளிக்குள் விட்டு எதுவரை போகிறது என்று பென்சிலால் கோடு போட்டார். பின்விளிம்பிலிருந்து அரை விரல் அகலம்தான் விட்டிருந்தது, மிச்சம் கெட்டியாக இருந்தது. கெட்டிமரம் சொன்னபடியே முழுக்க எடுக்கவில்லை. பழைய பசையைச் சுரண்ட மட்டும் ஒரு காலைப்பொழுது ஆனது. இதே கையால் வள்ளத்துக்குச் சுத்தியல் பிடிக்கிறவரா என்று இருந்தது. சாதாரண வெள்ளை மரப்பசை, மூன்று கிளாம்ப், ஒன்றரை நாள் அசைக்கவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கருவாடு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

சேடிலை நான் தேய்த்தேன். 2.9இல் நிறுத்திவிட்டேன், பயம்.

கம்பி 10 அளவுதான் போட்டேன், இழுவை குறையட்டும் என்று. வாசிக்க எனக்கு நான்கு கார்டுதான் தெரியும். ஈ மைனர் போட்டு ஒருமுறை இழுத்தேன். நீங்கள் எழுதியதை எல்லாம் படித்து அடங்கின சத்தமாக வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம்! முதல் இரண்டு கம்பிகள் மணி மாதிரி. ஆறாவது கம்பி கொஞ்சம் வறண்டுதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா அடுப்படியில் இருந்தார். வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். “அவர் இவ்வளவு அடிக்க மாட்டார், அடக்கி வாசிப்பார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கெட்டிமரம்

போனில் பதிவு செய்து போடுங்கள். காதால் கேட்காமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாடகர் குழு பழைய ஆள் (பாம்பன்)

அந்த நான்கு கார்டை வைத்துக்கொண்டே ஆகஸ்டுக்குள் 6/8 பழகுங்கள். ஞாயிறு சாயங்காலம் பாம்பனுக்கு வந்தால் வலக்கை எப்படி விழ வேண்டும் என்று காட்டித் தருகிறேன். சிரித்ததற்குப் பிராயச்சித்தமாக இருக்கட்டும்.

மடத்துக்கரை

வருகிறேன் அண்ணே. ஆனால் பத்து நாள்கூட ஆகவில்லை, கம்பி அதற்குள் கறுத்துச் சொரசொரவென்று ஆகிவிட்டது. இங்கே எல்லோருக்கும் இப்படித்தானா?

கீழக்கரைக் காக்கா

கடல் உனக்குப் போடுகிற வரி அது. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியில் கொடுத்துத் துடை. மேல்பூச்சு பூசிய கம்பி வாங்கு, விலை இரண்டு மடங்கு, ஆனால் ஓரிரு மாதம் தாங்கும். ஃப்ரெட் பச்சை பூத்தால் பயப்படாதே, அது துரு இல்லை, அதில் செம்பு இருக்கிறது. டியூனர் பல்லுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடு. நான் அடுத்த வாரம் மொத்தமாகக் கம்பி தருவிக்கிறேன். உனக்கு 10 அளவில் எத்தனை செட் வேண்டும்?

மடத்துக்கரை

மூன்று போதும் காக்கா. தச்சன் ஐயா மகனும் ஒரு கிட்டார் வாங்கப் போகிறானாம், அவனுக்கு ஒன்று சேர்த்து நான்காகச் சொல்லிவிடுங்கள்.